நாய் வர்றதுக்கு முன்னாடி நாயில்லாம வாக்கிங் போன கதை

எங்க வீட்ல நாய் வேணுமா வேணாமான்னு முடிவெடுக்கவே ஒன்றரை வருஷம் ஆச்சு. சிரிக்காதீங்க. நடுவுல ஒரு தடவ அட்வான்ஸ் குடுக்குற வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தோம்.

2022 கடைசில பொண்ணு, அப்ப அவளுக்கு எட்டு வயசு, கோல்டன் ரெட்ரீவர் வேணும்னு ஒரே அடம். வீட்டுக்காரரும் அவ பக்கம் சாஞ்சுட்டார். ஒருத்தர் வீட்ல குட்டி இருக்குன்னு கேள்விப்பட்டு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் கெளம்பிப் போனோம். அஞ்சு வாரக் குட்டி, பஞ்சு மூட்டை மாதிரி இருந்துச்சு, பொண்ணு தூக்குனவ கீழயே விடல. தாய் எங்கன்னு கேட்டா "அது ஃபார்ம்ல இருக்கும்மா"ன்றார். ஊசி போட்டாச்சான்னு கேட்டா "எல்லா ஊசியும் போட்டாச்சும்மா". அங்கதான் எனக்கு இடிச்சுது. ஆஃபீஸ்ல கூட வேலை பாக்குற ஒருத்தங்க குட்டி பார்வோன்ற வைரஸ் நோய்ல நாலே நாள்ல போயிடுச்சு, அதுலேர்ந்து எனக்கு இந்த ஊசிக் கணக்கெல்லாம் மனப்பாடம். முதல் ஊசியே ஆறுலேர்ந்து எட்டு வாரத்துலதான் போடுவாங்க, அப்புறம் பூஸ்டர், ரேபிஸ் ஊசி மூணு மாசம் ஆகி. அஞ்சு வாரத்துல இவருக்கு மட்டும் எப்படி எல்லாம் முடிஞ்சுது? எட்டு வாரமாவது தாய்கிட்ட இருக்க வேண்டிய குட்டி வேற. காசு குடுக்காம வந்துட்டோம். கார்ல பொண்ணு அழுத அழுகை இப்பவும் ஞாபகம் இருக்கு.

வீட்டுக்கு வந்து நான் ஒரு கண்டிஷன் போட்டேன். ஒரு மாசம், நாயே இல்லாம, காலைல 5.45க்கும் ராத்திரி 9 மணிக்கும் யாராவது ஒருத்தர் கீழ எறங்கி இருவது நிமிஷம் நடந்துட்டு வரணும். ஃப்ரிட்ஜ்ல சார்ட் ஒட்டினேன். வாட்ச்மேன் அண்ணா "வெயிட் குறைக்கவா மேடம்"னு கேட்டார். முதல் வாரம் ஜோரா போச்சு. அப்புறம் வீட்டுக்காரருக்கு ராத்திரி ஆஃபீஸ் போன் கால், பொண்ணுக்கு யூனிட் டெஸ்ட், எனக்கு சளி. மாசக் கடைசில எண்ணிப் பாத்தா முப்பது நாள்ல முழுசா போனது பதினேழு நாள். மாசத்துல பதினேழு நாள்தான் ஒரு நாய்க்கு மூத்திரம் வருமா? சார்ட்டக் கிழிச்சுட்டு, இப்ப வேணாம்னு முடிவு பண்ணினோம். பொண்ணு ரெண்டு நாள் என்கூட பேசல.

2024 பிப்ரவரில அவளே புது சார்ட் போட்டுக் கொண்டாந்தா. இந்த தடவ வீட்டுக்காரர் ஷிஃப்ட் மாத்தியிருந்தார், இருபத்தெட்டு நாள் வந்துச்சு. சரி, இனி பேசலாம்.

குட்டி வேணாம்ன்றதுல நான் தெளிவா இருந்தேன். ரெண்டு மாசக் குட்டின்னா ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ வெளிய தூக்கிட்டுப் போகணும், நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. மாமியார் வீட்லதான் இருக்காங்க, ஆனா அவங்ககிட்ட கேட்டப்பவே "நாய் வரட்டும், பூஜை ரூம் பக்கமும் அடுப்பங்கரைக்கும் வரக்கூடாது, ஒரு நாளும் அதுக்கு சோறு வைன்னு என்னச் சொல்லக் கூடாது"ன்னுட்டாங்க. நியாயம்தானே? ஆசப்பட்டது நாங்க. அதனால வளந்த நாட்டு நாயா பாத்தோம்.

தத்து குடுக்குறவங்க ஒரு ஃபாரம் குடுத்தாங்க பாருங்க, பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல. வாடகை வீடா, ஓனர் சம்மதிச்சாரா, ஒரு நாளைக்கு எத்தன மணி நேரம் தனியா இருக்கும், மாசம் எவ்ளோ செலவு பண்ண முடியும். எல்லாம் எழுதினேன். "ஊருக்குப் போனா யார் பாத்துப்பாங்க?" இதுல மட்டும் பேனா நின்னுடுச்சு. எங்க ஊர் திருநெல்வேலி, பொங்கலுக்குப் போகாம இருந்ததே இல்ல. ரயில்ல நாயக் கூட்டிட்டுப் போகணும்னா ஃபர்ஸ்ட் ஏசில கூப்பேன்ற தனி ரூம முழுசா எடுக்கணும், இல்லன்னா ரயில் கார்டு இருக்குற வேன்ல பொட்டிக்குள்ள போடணும். அந்த இடத்த காலியா விட்டேன். அவங்ககிட்டேர்ந்து வீடு பாக்க வந்த பொண்ணு கரெக்டா அதத்தான் கேட்டா. "மாறி மாறி ஒருத்தர் இங்க இருப்போம்"னு வீட்டுக்காரர் வாய் தவறிச் சொல்லிட்டார், அவ அப்படியே எழுதிக்கிட்டா. ரெண்டாவது மாடி பால்கனிக்கு வலை அடிச்சப்புறம்தான் அனுப்புவோம்னு வேற சொன்னாங்க, அடிச்சோம்.

அசோசியேஷன்ல ஒரு சின்ன சலசலப்பு. மெஜாரிட்டி ஓட்டு எடுத்தாலும் நாய் வளக்கக் கூடாதுன்னு தடை போட முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் சுற்றறிக்கையே விட்டிருக்கு, அத பிரிண்ட் எடுத்து வெச்சிருந்தேன், ஆனா வெளிய எடுக்கல. லிஃப்ட் வேணாம் படிலயே கூட்டிட்டுப் போறோம், கக்கா நாங்களே அள்ளுறோம்னு செக்ரட்டரி சார் வீட்டுக்கே போய்ச் சொன்னேன், முடிஞ்சுது.

ஜூன்ல வந்தா. ரெண்டு வயசு இருக்கும், பழுப்பு நிறம், கருத்தடை பண்ணினதுக்கு அடையாளமா காது நுனில ஒரு வெட்டு. பேரு கருப்பட்டி. முதல் மூணு நாள் வாஷிங் மெஷின் பின்னாடி விட்டு வரல. நாங்க தூங்குனப்புறம் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போவா.

மூணாவது வாரம்தான் பெரிய சோதனை. எலும்பு ஒண்ண கவ்விட்டு வந்திருந்தா, பொண்ணு பிடுங்கப் போக, மணிக்கட்டுல பல் கீறி ரத்தம். கைய சோப்பு போட்டு ஓடுற தண்ணில பதினஞ்சு நிமிஷம் கழுவிட்டு நேரா அரசு ஆஸ்பத்திரி. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் டாக்டர் விடல, பொண்ணுக்கு ரேபிஸ் ஊசி 0, 3, 7, 28வது நாள்னு நாலு தடவ. மாமியார் ஒண்ணும் சொல்லல, அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு. அன்னிக்கு ராத்திரி திருப்பி அனுப்பிடலாமான்னு உண்மையா பேசினோம். தத்து குடுத்தவங்க நம்பர் எடுத்து கையில வெச்சிருந்தேன். அப்புறம் ட்ரெயினர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, "அது வாயில இருக்குறத பிடுங்காதீங்க, மாத்து குடுங்க"ன்னார். வேக வெச்ச சிக்கன் துண்டக் காட்டினா செருப்பையே கீழ போட்டுடுவா. பண்டமாற்று. அதுவே பெரிய பாடமா போச்சு, எங்களுக்கு.

நாட்டு நாய்க்கு செலவே இல்லம்பாங்க, நம்பாதீங்க. உண்ணிக் காய்ச்சல் வந்து பிளேட்லெட் எறங்கி, அந்த ஒரு மாசம் மட்டும் பத்தாயிரத்துக்கு மேல. மத்தபடி சோறு, சிக்கன், உண்ணி மாத்திரைன்னு மாசம் நாலாயிரம் ஆவுது. கார்ப்பரேஷன் லைசன்ஸ் மட்டும்தான் சல்லிசு, நான் எடுத்தப்ப 50 ரூபா, ரேபிஸ் ஊசி சர்டிஃபிகேட் மட்டும் கண்டிப்பா வேணும்.

மாமியார் இன்னிக்கு வரைக்கும் அவள தொட்டதில்ல, நாங்களும் கேட்டதில்ல. காலை வாக்கிங்கு பொண்ணு வாரத்துல நாலு நாள் எந்திரிக்கிறா, மீதி எங்க தலைல. 2025 பொங்கலுக்கு வீட்டுக்காரர் கருப்பட்டியோட இங்கயே இருந்து குக்கர்ல பொங்கல் வெச்சு போட்டோ அனுப்பினார், அடி பிடிச்சிருந்துச்சு. அடுத்த பொங்கலுக்கு ஊர்ல எங்கம்மா கேட்டாங்க, எத்தன டிக்கெட்னு. ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தைன்னு சொன்னேன். அந்த ரெண்டுல நான் இல்ல.