எட்டு, நாலு, ரெண்டு, ஒண்ணு: ஆல்பம் நாட்குறிப்பு

ஜூன் 12, 2025

இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். தண்ணீர் கல்லணைக்கு வந்து, வெண்ணாற்றில் பிரிந்து, எங்கள் திருவாரூர் பக்கம் எட்டிப் பார்க்க இன்னும் நாளாகும். நாங்கள் அதற்குள் முதல் பாட்டைத் தொடங்கிவிட்டோம். குறுவை நெல் அறுப்புக்குள் எங்கள் ராப் ஆல்பம் முடிய வேண்டும் என்பது திட்டம். நாங்கள் இரண்டே பேர். பீட், அதாவது பாட்டுக்கு அடியில் ஓடும் தாள இசை, என்னுடையது, வரிகள் பாதிப் பாதி. அவனை நான் மாப்ள என்றுதான் கூப்பிடுவேன், இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

மாப்ள இன்று வரப்பில் நின்றபடியே போனில் சொன்ன நான்கு வரி:

மேட்டூரு தொறக்குற தேதியக் கேட்டு
வீட்டுல கல்யாண நாளக் குறிச்சோம்
ஏட்டுல ஏறாத கடனுக்கு வட்டி
பாட்டுல சொன்னாத்தான் பாதி கொறையும்

ஜூன் 24

அந்த நான்கு வரியை வைத்துக்கொண்டு ராத்திரி வெகுநேரம் பேசினோம். தமிழில் வினை கடைசியில்தான் வரும். வந்தேன், போனேன், நின்னேன் என்று முடித்தால் இயைபு, அதாவது வரிக் கடைசியில் ஒலி ஒத்துப்போவது, இலவசமாகக் கிடைத்துவிடும். அப்படி உழைக்காமல் வருவது காதில் தங்காது. எதுகை அப்படியில்லை. மேட்டூரு, வீட்டுல, ஏட்டுல, பாட்டுல என்று வரியின் தலையிலேயே இரண்டாம் எழுத்து மோத வேண்டும், அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அமெரிக்க ராப்பில் ரைம் பெரும்பாலும் தாளத்தின் நாலாவது அடியில், ஸ்னேர் என்கிற சுள்ளென்ற டிரம் விழும் இடத்தில் உட்காரும். எதுகை தாளத்தின் முதல் அடியில், கிக் என்கிற கனத்த டிரம் விழும் இடத்தில் உட்காருகிறது. அதனால் பீட்டையே மாற்றிவிட்டேன். கிக்கைப் பெரிதாக்கி, ஸ்னேரைப் பின்னுக்குத் தள்ளினேன். இப்போது வரி தொடங்கும்போதே தலை ஆடுகிறது. இந்த ஆல்பத்தின் ஒலி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது இன்றுதான்.

ஜூலை 9

மாப்ளையின் அப்பா தவில் வித்வான். நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பெயரைச் சொல்லும்போது நெஞ்சில் கைவைத்துக்கொள்கிற தலைமுறை. மாடி அறைக்கு அவர் வந்தது இதுவே முதல் தடவை. சுவரோரம் அடுக்கியிருந்த வைக்கோல் மூட்டைகளைப் பார்த்து, "சத்தம் உறிஞ்சவா தம்பி?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

ஹிப்ஹாப் எங்கே பிறந்தது என்று கேட்டார். 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்க்ஸ். டிஜே கூல் ஹெர்க் தன் தங்கை வைத்த பார்ட்டியில் இசைத்தட்டு ஓட்டினார். பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குத்தான் ஜனங்கள் ஆடுகிறார்கள் என்று கவனித்தவர் அவர். ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை மாற்றி மாற்றி ஓட்டி, அந்த இடத்தை நீட்டினார். அதையெல்லாம் சொன்னேன்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கச்சேரிய விட்டுட்டுத் தனி ஆவர்த்தனத்த மட்டும் எடுத்துக்கிட்டாங்க. புத்திசாலிங்க" என்றார். கச்சேரியில் தாள வாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் இடம்தான் தனி ஆவர்த்தனம்.

பிறகு, "ரெண்டு பேரு இருக்கீங்க, குறைப்பு வாசிக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார். நாதஸ்வரக் கச்சேரியில் இரட்டைத் தவில் உட்கார்ந்தால், தனியில் ஒருவர் வாசித்ததற்கு மற்றவர் பதில் சொல்வார். போகப் போக அளவைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் இருவரும் சேர்ந்து கோர்வை என்கிற முடிப்புக் கணக்கை வைத்து, தாளம் தொடங்கும் இடமான சமத்தில் வந்து விழுவார்கள். அந்த நேரத்தில் பந்தலில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சின்ன வயதில் கோயில் திருவிழாக்களில் பார்த்து வளர்ந்ததுதான். ஆனால் அது ஒரு பாட்டின் வடிவம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

ஜூலை 10

கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாலு அடி சேர்ந்தால் ஒரு பார். அவன் 8 பார், நான் 8 பார். அப்புறம் 4, 4. 2, 2. 1, 1. கூட்டினால் 30. மிச்சம் 2 பார் கோர்வைக்கு. மொத்தம் 32, ராப்புக்குப் பழகிய அளவேதான். கை நடுங்கியது.

கோர்வையை மாமா தொடையில் தட்டியே சொல்லிக் கொடுத்தார். ஒரு அடியில் கால் பங்கு ஒரு மாத்திரை, 2 பாரில் 32 மாத்திரை. முதலில் ஐந்து மாத்திரைத் தகதகிட மூன்று தடவை, 15. பிறகு ததிங்கிணதொம், அதுவும் ஐந்து, ஒரு மாத்திரை இடைவெளி, ததிங்கிணதொம், மறுபடி இடைவெளி, ததிங்கிணதொம், 17. அடுத்த அடி சமம். 90 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 90 அடி வேகத்தில் நொடிக்கு ஆறு மாத்திரை. இருவரும் ஒரே மூச்சில் ஐந்து ஐந்தாகச் சொற்களை அடுக்க வேண்டும். மாப்ளைக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. நான் கையில் தாளம் போட்டுத்தான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. நாலு பக்கமும் ஒலிபெருக்கி, ரெக்கார்டிங் கிடையாது. அம்மாவோடு ஆற்றுக்குப் போய் வந்தேன்.

ஆகஸ்ட் 20

கீழ்வெண்மணிக்குப் போனோம். கீழத் தஞ்சையிலிருந்து ராப் ஆல்பம் போடுகிறவன் அந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது என்பது மாப்ளையின் கருத்து. எனக்கும் அதுதான்.

1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களில் 44 பேரை ஒரே குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். 1973இல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை விடுவித்தது. ஹெர்க் தட்டு ஓட்டிய அதே வருஷம். இதை மாப்ள சொன்னபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பாட்டுக்கு 44 பார். ஹூக், அதாவது திரும்பத் திரும்ப வரும் பல்லவி, கிடையாது. ஒரு வெர்ஸுக்கு 16 பார் என்று 16, 16 போக 12தான் மிஞ்சும், கடைசி வெர்ஸ் முழுமை அடையாது. ஒரு நண்பர் 48 ஆக்கிவிடு, கேட்க நிறைவாக இருக்கும் என்றார். ஆக்க மாட்டேன். அது நிறைவாக இருக்கக் கூடாத பாட்டு.

செப்டம்பர் 15

எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். குறைப்புப் பாட்டில் மாமாவின் தவிலையே பதிந்து, துண்டு வெட்டி, சாம்பிளாகப் போட வேண்டும் என்றான் மாப்ள. வேண்டாம் என்றேன். 808 டிரம் மெஷினின் பேஸுக்கு மேல் நாலு தவில் அடியைத் தூவிவிட்டு மண்ணின் இசை என்று பெயர் வைப்பதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. அந்தத் தவில் எங்கள் வாயில் இருக்கிறது. கணக்கு முழுக்க அதனுடையது.

2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ரா ராப் குழுவின் ஆல்பம் வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடப் பையன்கள். ப்ளூடூத்தில் கை மாறி எங்களிடம் வந்து சேர்ந்தது. தமிழை இப்படியும் பேசலாம் என்று அவர்கள் காட்டினார்கள். டெல்டாவில் இருந்து நாங்கள் ஏதாவது சேர்க்க முடியுமென்றால் அது இந்தக் கணக்குத்தான்.

மாமாவிடம் பஞ்சாயத்துக்குப் போனோம். "சொல்லு சரியா விழுந்தா தவிலு தானா கேக்கும்டா" என்று மகனிடம் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். தவில் சத்தம் இல்லாமலே போகிறது பாட்டு.

அக்டோபர் 22

விடாத மழை. குறுவை நெல் குவியல் குவியலாகத் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறது. கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, இந்த வானத்துக்குக் கீழே எப்படிக் காயும்? மாப்ள ராப்பகலாக நெல்லுக்குக் காவல். அங்கிருந்தே, கடைசியாகப் பதிய மிஞ்சியிருந்த பாட்டின் இரண்டாம் வெர்ஸைப் போனில் பேசி அனுப்பினான். பின்னால் மழை, தவளை, யாரோ இருமுகிறார்கள். மைக்கில் திரும்பப் பேசச் சொல்லவில்லை. அப்படியே வைத்துவிட்டேன். ஆல்பத்திலேயே உண்மையான வெர்ஸ் அதுதான்.

நவம்பர் 8

மாஸ்டரிங், அதாவது வெளியிடும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை, முடிந்தது. அறுப்புக்குள் முடிப்போம் என்றோம், மழை தள்ளிப்போட்டுவிட்டது. எட்டுப் பாட்டு. வெண்மணியை நடுவில் வைக்கவில்லை, கடைசியில் வைத்திருக்கிறோம். அதற்குப் பிறகு வேறு பாட்டு வரக் கூடாது.

ஆல்பத்தில் முதலில் வருவது குறைப்புப் பாட்டு. அதை மட்டும் தயவுசெய்து ஹெட்போனில் கேளுங்கள். தவிலின் இரண்டு தோல்முகங்களில் தொப்பி இடப்பக்கம், வலந்தலை வலப்பக்கம். அதே மாதிரி இடது காதில் நான், வலது காதில் மாப்ள. எட்டில் தொடங்கி ஒன்றுக்கு வரும்வரை நாங்கள் தனித்தனிதான். கோர்வையில் இரண்டு குரலும் நடுவுக்கு வரும். அங்கே ஐந்து ஐந்தாகக் கையில் எண்ணிப் பாருங்கள், சமம் எங்கே விழுகிறதென்று தெரியும்.

வெள்ளிக்கிழமை வெளியாகிறது.