தரைமேல் நீச்சல் குளத்துக்குப் பம்பும் வடிகட்டியும்: முதலில் எதைப் பார்ப்பது?

நியூ ஜெர்சியில் மே மாதம் பிறந்துவிட்டால், வீட்டின் பின்புறத்தில் தரைமேல் குளம் அமைக்க நினைக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை ஹெச்.பி. பம்பு வாங்கலாம்?" என்பதுதான். ஊரில் கிணற்றுக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் மோட்டார் வாங்கிப் பழகிய நமக்கு அது இயல்பான கேள்வி. அங்கே தண்ணீரை ஆழத்திலிருந்து மேலே தூக்க வேண்டும். திறன் குறைந்த மோட்டாரால் அது முடியாது. குளத்துப் பம்புக்கு அந்த வேலையே இல்லை. குளத்தின் மேல்மட்ட நீரை உள்வாங்கும் ஸ்கிம்மர் என்ற வாய் வழியாக வெளியேறும் தண்ணீர் வடிகட்டிக்குள் புகுந்து அதே குளத்துக்குத் திரும்பிவிடுவதால், குழாயின் உராய்வையும் வடிகட்டியின் தடையையும் கடக்கும் அளவுக்குத் திறன் இருந்தால் போதும். எனவே முதலில் குளத்தின் கொள்ளளவு, அடுத்து வடிகட்டி, அதன் பிறகே பம்பு என்ற வரிசையைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துகிறேன்.

வட்டக் குளத்தின் விட்டத்தை அடியில் அளந்து, அதை அதனாலேயே பெருக்கி, நீரின் ஆழத்தாலும் பின்னர் 5.9 என்ற எண்ணாலும் பெருக்கினால் கேலன் கணக்குக் கிடைக்கும். 24 அடி விட்டமும் 4 அடி நீரும் உள்ள குளத்தில் ஏறத்தாழ 13,600 கேலன் இருக்கும். இத்தனை நீரும் 8 மணி நேரத்தில் ஒரு முறை வடிகட்டியைக் கடக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், மணிக்கு 1,700 கேலன், அதாவது நிமிடத்துக்கு 28 கேலன் ஓடினால் போதும். இந்த 28 என்ற எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். தரைமேல் குளங்களில் பெரும்பாலும் பொருத்தப்படும் ஒன்றரை அங்குல ஹோஸில் நிமிடத்துக்கு 40 கேலனுக்கு மேல் ஓட்டினால் உராய்வு கடுமையாக ஏறிவிடும் என்பதால், அதைவிடப் பெரிய பம்புக்குக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி மின்சாரமாகவும் சத்தமாகவும் வீணாகும்.

வடிகட்டியில் மூன்று வகைகள் உண்டு. மணல் வடிகட்டி 20 முதல் 40 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையுள்ள துகள்களைப் பிடிக்கும். மடிப்பு மடிப்பான பாலியெஸ்டர் துணியால் ஆன கார்ட்ரிட்ஜ் 10 முதல் 20 மைக்ரான் வரை பிடிக்கும். டயட்டம் மண் என்ற நுண்பாசிப் படிமத் தூள் பூசிய வடிகட்டி 3 முதல் 5 மைக்ரான் வரை இறங்கும். எண்ணை மட்டும் பார்த்தால் மூன்றாவதே சிறந்தது என்று தோன்றும். ஆனால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலுக்குத் தீங்கு. ஒவ்வொரு முறை கழுவிய பிறகும் அதை அளந்து மறுபடி சேர்க்க வேண்டும். சிறு பிள்ளைகள் நடமாடும் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மணலா, கார்ட்ரிட்ஜா என்பது சற்று நின்று யோசிக்க வேண்டிய கேள்வி. குளத்தைச் சுற்றி மரங்கள் இருந்தால், மகரந்தம் கொட்டும் இடமாக இருந்தால், பாசி பிடித்துப் பச்சையாகும் வாய்ப்பு அதிகமாக இருந்தால் மணலே நல்லது. நீர் ஓடும் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வின் கைப்பிடியை, நீரை மணலுக்குள் எதிர்த்திசையில் செலுத்திக் கழுவும் பேக்வாஷுக்குத் திருப்பி இரண்டு மூன்று நிமிடங்கள் ஓட்டினால் அழுக்கு வெளியேறிவிடும். கைப்பிடியைத் திருப்புவதற்கு முன் பம்பை நிறுத்தியே ஆக வேண்டும். ஓடும்போது திருப்பினால் வால்வுக்குள் இருக்கும் ரப்பர் கேஸ்கட் கிழிந்து, அதன் பிறகு வடிகட்டாத நீரும் வடிகட்டிய நீரும் கலந்துவிடும். கார்ட்ரிட்ஜில் பேக்வாஷ் கிடையாது. அதை வெளியே எடுத்து, மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக ஹோஸ் நீரால் கழுவ வேண்டும். உடம்பில் பூசும் சன்ஸ்கிரீன் எண்ணெய் படிந்திருந்தால் அதற்கான கரைசலில் ஓர் இரவு ஊற வைக்க வேண்டும். தண்ணீருக்குக் கட்டுப்பாடு உள்ள ஊரிலும், குளோரின் கலந்த நீரை வெளியேற்ற இடமில்லாத சிறிய மனையிலும் கார்ட்ரிட்ஜே பொருத்தம்.

எந்த வகையானாலும், வடிகட்டியை ஓர் அளவு பெரிதாக வாங்குவதில் தயக்கமே வேண்டாம். வீட்டு மணல் வடிகட்டிக்கு ஒரு சதுர அடி மணல் பரப்புக்கு நிமிடத்துக்கு 20 கேலன் என்பது உச்ச வரம்பு. 16 அங்குலத் தொட்டியின் பரப்பு 1.4 சதுர அடிதான். நம்முடைய 28 கேலன் அதன் விளிம்பையே தொட்டுவிடும். 19 அங்குலத் தொட்டி ஏறக்குறைய 2 சதுர அடி; 22 அங்குலம் 2.6 சதுர அடி. நீர் நிதானமாக இறங்கினால்தான் மணல் அழுக்கைப் பிடித்து வைக்கும்; வேகம் கூடினால் மணலுக்குள் கால்வாய் போலப் பாதை விழுந்து, அழுக்கு அப்படியே குளத்துக்குத் திரும்பும். பெரிய பம்பைச் சிறிய வடிகட்டியோடு சேர்த்துக் கட்டி விற்கும் தொகுப்புகளை நான் எச்சரிக்கையோடு பார்ப்பது இதனால்தான்.

மணல் நிரப்பும்போது கவனம் தேவை. தொட்டியின் அடியில் கைவிரல்கள்போல் விரிந்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்கள்மீது 50 பவுண்டு மூட்டையை நேராகக் கொட்டினால் அவை உடையும். உடைந்தால் குளத்துக்குள் மணல் வரும். தொட்டியில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, நடுக்குழாயின் வாயைப் பிளாஸ்டிக் உறையால் மூடிக் கட்டி, அது நடுவிலிருந்து நகராதபடி ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றவர் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்க வேண்டும். மூட்டையில் 0.45 முதல் 0.55 மில்லிமீட்டர் வரையிலான 20-ஆம் எண் சிலிக்கா மணல் என்று அச்சிட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு உரிய மணல் உதவாது.

இப்போது பம்புக்கு வருவோம். பெட்டியின்மீது பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கேலன் கணக்கு, பெரும்பாலும் தடை ஏதும் இல்லாதபோது ஓடும் அளவு. வடிகட்டியின் அழுத்தமானி 10 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டு அழுத்தம்) காட்டினால் பம்பு ஏறத்தாழ 23 அடி உயரத்துக்குச் சமமான தடையை எதிர்த்துத் தள்ளுகிறது. 20 காட்டினால் அது 46 அடி. பம்போடு தரப்படும் வரைபடத்தில் அந்த அடிகளுக்கு நேராக எத்தனை கேலன் கிடைக்கிறது என்று பார்ப்பதே சரியான முறை. தரைமேல் குளத்துப் பம்பு நீர்மட்டத்துக்குக் கீழே உட்காருவதால் தானாக நீரை உறிஞ்சும் ஆற்றல் அதற்குத் தேவையில்லை; தரைக்குள் தோண்டிய குளத்துக்கு உரிய விலையுயர்ந்த பம்பை வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

இரண்டு வேகப் பம்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். வேகம் பாதியானால் நீரோட்டம் பாதியாகும். பம்பு இழுக்கும் மின்சாரமோ கணக்குப்படி எட்டில் ஒரு பங்காகக் குறையும். மோட்டாரின் உள்ளிழப்பால் நடைமுறையில் அவ்வளவு குறையாது என்றாலும், இரண்டு மடங்கு நேரம் ஓட்டியும் மின் கட்டணம் கணிசமாக இறங்கும். அமெரிக்க எரிசக்தித் துறை 2021 ஜூலை 19 முதல் குளத்துப் பம்புகளுக்குக் குறைந்தபட்ச மின்சிக்கன விதியைக் கொண்டுவந்ததும் இந்த வீண்செலவைத் தடுக்கத்தான். பேக்வாஷுக்கும் குளத்தின் அடியைச் சுத்தம் செய்வதற்கும் மட்டும் முழு வேகம் வேண்டும்.

பம்பையும் வடிகட்டியையும் வைக்கும் இடம் உயிர்ப் பிரச்சினை. நாலடிச் சுவரே பிள்ளைகளுக்குத் தடுப்பாக இருக்கும் குளத்தில், சுவரை ஒட்டி வைத்த வடிகட்டி ஏறிக் குதிக்கும் படியாகிவிடும். சுவரிலிருந்து குறைந்தது மூன்றடி தள்ளி வையுங்கள், உங்கள் ஊர் விதி கூடுதலாகக் கேட்டால் அதன்படி செய்யுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ பாதுகாப்புள்ள தனி இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டே போட வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயரில் ஒருநாள்கூடப் பம்பை ஓட்டக் கூடாது. முதல் நாள் புது மணலைப் பேக்வாஷ் செய்து, அலசி, வடிகட்டும் நிலைக்குத் திருப்பியதும் அழுத்தமானி காட்டும் எண்ணை மார்க்கரால் தொட்டியின்மீதே எழுதிவிடுங்கள். முள் அதைவிட 8 முதல் 10 பிஎஸ்ஐ கூடுதலாக ஏறும்போது அடுத்த பேக்வாஷ் செய்தால் போதும்; நாள் கணக்கு வைத்து அதற்கு முன்பே செய்ய வேண்டியதில்லை, ஏனெனில் லேசாக அழுக்குப் படிந்த மணல் புது மணலைவிட நுண்ணிய துகள்களைப் பிடிக்கும்.