அலமாரிக்குள் மிளகாய்: சில நாட்குறிப்புகள்

ஜனவரி 5

காய்ந்த மிளகாய் ஒன்றை உடைத்து விதைகளை எடுத்தேன். ஈரத்துணியில் மடித்து, கசியாத டப்பாவில் போட்டு மூடி, ரூட்டர் மேல் வைத்திருக்கிறேன். வீட்டில் ராப்பகலாகக் கதகதப்பாக இருப்பது அது ஒன்றுதான், அதற்காகத் தனிச் செலவும் இல்லை. மிளகாய் விதைக்கு 25 முதல் 30 டிகிரி வரை சூடு வேண்டும். 15-க்குக் கீழே போய்விட்டால் அசையவே அசையாது.

அப்பாவின் மருத்துவ அறிக்கை இன்னும் வரவில்லை.

ஜனவரி 6

இரண்டுமே இல்லை. முளையும் இல்லை, அறிக்கையும் இல்லை.

ஜனவரி 9

தூக்கம் வரவில்லை. விளக்குகளைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன்.

செடிக்கென்று தனியாக விற்கும் விளக்கெல்லாம் என் கைக்கு எட்டாது. எட்டவும் வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. ஒளிச்சேர்க்கைக்கு இலை எடுத்துக்கொள்வது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. ஏறக்குறைய நம் கண்ணுக்குத் தெரிகிற ஒளிதான் அது. சாதாரண வெள்ளை எல்இடி பல்புக்குள் நீலமாக எரியும் சில்லும் அதன்மேல் மஞ்சள் பூச்சும் இருக்கின்றன. அந்தப் பூச்சு நீலத்தில் ஒரு பகுதியைப் பச்சையாகவும் சிவப்பாகவும் மாற்றிக் கொடுக்கிறது. அதனால் ஊதா நிறத்தில் எரியும் விளக்குதான் வேண்டும் என்பதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அட்டையில் பெரிதாகப் போட்டிருக்கும் 'இத்தனை வாட்டுக்கு இணை' என்பதை அல்ல. பல்பு உண்மையில் எத்தனை வாட் இழுக்கிறது, வாட்டுக்கு எத்தனை லூமன் (வெளிச்சத்தின் அளவு) தருகிறது, இதைத்தான் பார்க்க வேண்டும். 9 வாட் பல்பு 900 லூமன் தந்தால் வாட்டுக்கு 100. இந்த வேலைக்கு அது நல்ல பல்பு.

தொட்டியில் மிச்சம் பிடிக்கலாம். மண்ணில், உரத்தில், அலமாரியில் எல்லாம் பிடிக்கலாம். ஒளியில் மட்டும் பிடிக்க முடியாது. செடி தின்பது அதைத்தான்.

கையில் ஒரு பல்பு இருக்கிறது. இன்னொன்று அடுத்த மாதம், மருந்துக் கணக்கு முடிந்த பிறகு.

ஜனவரி 14

முளைத்துவிட்டன! துணியை விரித்தால் வெள்ளை வெள்ளையாக வேர் நுனிகள். எல்லாம் இல்லை, பாதிக்கு மேல். அப்பாவிடம் டப்பாவோடு கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "வேரு கீழ பாத்து இருக்கணும்மா, திருப்பி வெச்சிடாத" என்றார்.

அடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்களில் தென்னைநார்க் கழிவை நிரப்பி ஊன்றினேன். கூடத்து ஜன்னல் ஓரம், பல்பு மேலே.

ஜனவரி 19

மூன்றாவது கிண்ணத்து நாற்று விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டே மேலே வந்திருக்கிறது. வித்திலைகள் இரண்டும் உள்ளே சிக்கியிருக்கின்றன. பிய்த்தால் வித்திலையும் சேர்ந்து வந்துவிடும் என்பதால் கை வைக்கவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைத் தோல்மேல் விட்டு, கிண்ணத்தைக் கண்ணாடி டம்ளரால் மூடியிருக்கிறேன். தோல் ஊறினால் தானாகக் கழன்றுவிடும்.

மற்றவை நன்றாக இருக்கின்றன. என் கண் இதன் மேலேயே இருக்கிறது.

ஜனவரி 20

கழன்றது. காலை ஐந்து மணிக்கு.

ஜனவரி 23

எல்லா நாற்றுகளும் ஜன்னல் பக்கம் சாய்ந்து நூல் மாதிரி நீள்கின்றன. அவசர வளர்ச்சி இது, ஆரோக்கியம் இல்லை. வெளிச்சம் குறைந்தால் 'மேலே ஏதோ நிழல் விழுகிறது, அதைத் தாண்டிப் போக வேண்டும்' என்ற கணக்கில் தண்டு நீண்டுகொண்டே போகும். இலைக்கும் வேருக்கும் போக வேண்டியதெல்லாம் நீளத்துக்கே போய்விடும்.

பல்பைச் சுமார் 15 சென்டிமீட்டருக்கு இறக்கினேன். தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. பல்பு சின்னது என்றால் கிட்டத்தில் வைப்பதுதான் ஒரே வழி. கையை நாற்றின் உயரத்தில் நீட்டிப் பார்த்தேன், சூடு தெரியவில்லை. அப்படியானால் இலை கருகாது.

பல்பின் மேல்மூடியைக் கழற்றிவிட்டால் ஒளி இன்னும் கூடும் என்கிறார்கள். உள்ளே மின்சாரம் ஓடும் பகுதி திறந்துகிடக்கும், பக்கத்திலேயே தண்ணீர். அது வேண்டாம்.

ஜனவரி 27

நேற்று இரவு நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் படுத்துக் கிடக்கிறது. மண்ணைத் தொடும் இடத்தில் தண்டு கருத்து, கம்பியாகச் சுருங்கியிருக்கிறது. நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் நோய்க்கிருமிகள் செய்யும் வேலை. விழுந்ததைப் பிழைக்கவைக்க முடியாது, மற்றதைக் காப்பாற்றலாம். அந்தக் கிண்ணத்தை மண்ணோடு வெளியே கொண்டுபோய்ப் போட்டேன். இனி மேலிருந்து தண்ணீர் கிடையாது. தட்டில் ஊற்றி, அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவது.

மூன்றாவது கிண்ணம் நிற்கிறது.

ஜனவரி 28

இன்னொன்றும் போனது.

பிப்ரவரி 2

ஒரு கிண்ணத்தின் மேல்பரப்பில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை, ஈரத்தில் மக்குகிற பொருளில் வளர்வதுதான். என் பயம் செடியைப் பற்றியது இல்லை. கிண்ணங்களுக்கும் அப்பாவின் கட்டிலுக்கும் நடுவே நாலடிகூட இல்லை. இரவெல்லாம் அவர் உட்கார்ந்தபடியே இருமிக்கொண்டிருந்தார், நான் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவரைப் போனில் கேட்டேன். ஈரமண்ணைக் கிளறினால் பூசண வித்துகள் காற்றில் எழும், நுரையீரல் பலவீனமாக இருப்பவர் பக்கத்தில் அந்த வேலையே வேண்டாம் என்றார். செடியை வீட்டைவிட்டே எடுத்துவிட வேண்டுமா என்றேன். வேறு அறையில், கதவு மூடி, காற்றோட்டத்தோடு, அவர் தொடாமல் இருந்தால் சரி என்றார்.

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாம் என்று இருந்தேன். அப்பாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் ஜன்னலைப் பார்த்தார். அப்புறம், "உன் அலமாரி காலியாத்தானே இருக்கு" என்றார்.

பிப்ரவரி 3

அலமாரிக்கு மாற்றியாயிற்று. ஜன்னல் வெளிச்சம் இனி இல்லை, செடிகளுக்கு எல்லாமே பல்புதான். அதனால் இரண்டாவது பல்பை இன்றே வாங்கிவிட்டேன். எதைத் தள்ளிப்போட்டு வாங்கினேன் என்பதை இங்கே எழுதவில்லை.

உள்பக்கம் முழுக்க வெள்ளைத்தாள் ஒட்டினேன். பளபளக்கும் தாள்தான் வேண்டும் என்பதில்லை. மங்கலான வெள்ளையே ஒளியை எல்லாப் பக்கமும் பரப்பித் திருப்பி அனுப்புகிறது. பக்கவாட்டில் வீணாகிற வெளிச்சம் இலைக்குத் திரும்பி வருகிறது.

பிப்ரவரி 4

மின்கணக்கு. 18 வாட், ஒரு நாளைக்கு 16 மணி நேரம், அது 288 வாட்மணி. 30 நாளுக்கு 8.64 யூனிட். தாங்கலாம்.

இரவில் எட்டு மணி நேரம் அணைத்துவிடுகிறேன். சில செடிகள் இரவு நீண்டால்தான் பூக்கும், அவற்றுக்கு இடையில் விளக்கைப் போட்டாலே குழம்பிவிடும். மிளகாய்க்கு அந்தக் கண்டிப்பு இல்லை. நான் ஆஸ்பத்திரியிலிருந்து நேரம் தவறி வந்தாலும் அது கோபித்துக்கொள்ளாது.

பிப்ரவரி 12

பழைய கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த 12 வோல்ட் விசிறியை 5 வோல்ட் போன் சார்ஜரில் இணைத்தேன். மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றுகிறது. மேல்மண் காய்கிறது, நாற்றழுகல் நின்றுவிட்டது. இன்னொரு நன்மையும் உண்டு. காற்றிலோ கையிலோ அசைபடும் தண்டு குட்டையாகவும் தடிமனாகவும் வளரும். 1973-இல் ஜாஃபே என்பவர் இதை ஆராய்ந்து எழுதி ஒரு பெயரும் வைத்திருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து காலையும் மாலையும் செடிகளை உள்ளங்கையால் மெல்லத் தடவிக்கொடுக்கிறேன்.

மூன்றாவது கிண்ணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக.

பிப்ரவரி 18

அறிக்கை வந்தது.

பிப்ரவரி 19

தண்ணீர் ஊற்றினேன்.

பிப்ரவரி 21

அப்பாவே கேட்டார்: "இன்னிக்கு ஒண்ணும் சொல்லலியே, என்ன பண்ணுது?" போனில் படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்து, "இது நாலாவது எலையா?" என்றார். நான் எண்ணியிருக்கவில்லை. ஆறாவது. சொன்னதும் சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

பிப்ரவரி 28

கிண்ணத்தைத் தூக்கினால் குட்டிக் கறுப்புப் பூச்சிகள் எழுந்து பறக்கின்றன. பூஞ்சை ஈ. பறப்பது பெரிய தொந்தரவில்லை, மேல்மண்ணில் இருக்கும் அதன் புழுதான் இளவேரைக் கடிக்கிறது. புழு வாழ்வது ஈரமான மேல் சில சென்டிமீட்டரில்தான். அதைக் காயவிட்டால் பிழைப்பது கஷ்டம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி மண்ணுக்கு அருகில் நிறுத்தியிருக்கிறேன், பறப்பவை அதில் ஒட்டிக்கொள்ளும்.

இனி கிண்ணத்தைக் கையில் தூக்கி எடை பார்த்துத்தான் தண்ணீர். கனம் குறைந்திருந்தால் மட்டும். நாள் கணக்கு வைத்து ஊற்றுவது செடிக்கு ஒத்துவராது.

மார்ச் 1

அலமாரிக் கதவு சரியாக மூடுகிறதா என்று இரவில் எழுந்து எழுந்து பார்க்கிறேன்.

மார்ச் 13

பெரிய தொட்டிகளுக்கு மாற்றியதெல்லாம் பிடித்துக்கொண்டன. மூன்றாவது கிண்ணம் என்று இனி சொல்ல முடியாது, ஆனாலும் அப்படித்தான் சொல்லப்போகிறேன். அதன் அடி இலைகள் மஞ்சளாகின்றன. நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள்.

இதை யோசித்துப் பார்த்தால் அழகான கணக்கு. மெக்னீசியம் செடிக்குள் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் செடி பழைய இலையிலிருந்து எடுத்துக் கொழுந்துக்குக் கொடுக்கிறது, அதனால் மஞ்சள் கீழே தொடங்கும். இரும்பு அப்படி நகராது, அது குறைந்தால் கொழுந்துதான் முதலில் வெளுக்கும். நைட்ரஜன் என்றால் அடி இலை நரம்போடு சேர்ந்து முழுசாக வெளுக்கும். ஆக, மஞ்சள் எங்கே, எப்படி என்று பார்த்தாலே பாதி விடை வந்துவிடுகிறது. தென்னைநார்க் கழிவு கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு பொட்டாசியத்தை விட்டுக்கொடுக்கும் பொருள். காரணமும் பொருந்துகிறது.

ஒரு சிட்டிகை எப்சம் உப்பை (மெக்னீசியம் சல்பேட்) ஒரு லிட்டர் நீரில் கரைத்து ஊற்றினேன். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புதிதாக எதுவும் மஞ்சளாகாமல் இருந்தால் போதும்.

அப்பாவின் உடம்பிலும் இப்படி எங்கே, எப்படி என்று பார்த்தவுடன் தெரிந்துவிட்டால்.

மார்ச் 20

புது மஞ்சள் இல்லை.

மார்ச் 26

தண்டு இரண்டாகக் கிளைக்கும் கவட்டையில் முதல் மொட்டு. முதல் மொட்டைக் கிள்ளிவிட்டால் செடி இன்னும் புதராகும் என்பார்கள். எனக்கு மனம் வரவில்லை, கிள்ளப்போவதும் இல்லை.

படம் காட்டினேன். அப்பா தூங்கிவிட்டிருந்தார். நாளை.

ஏப்ரல் 4

பூத்துவிட்டது. வெள்ளை, ஐந்து இதழ், தலைகுனிந்து. ஆணும் பெண்ணும் ஒரே பூவுக்குள் இருப்பதால் தேனீ இல்லாமலும் காய்க்கும், மகரந்தம் உதிர ஓர் அசைவு மட்டும் வேண்டும். காம்பைச் சுண்டிவிட்டேன். விரலில் தூள் ஒட்டியது.

ஏப்ரல் 8

பூ உதிர்ந்தது. காம்போடு.

ஏப்ரல் 9

இன்னும் இரண்டு உதிர்ந்தன. காலையிலிருந்து அதே நினைப்பு. வெப்பமானியை அலமாரிக்குள் வைத்தேன். கதவு மூடியிருக்கும்போது 34 டிகிரி. 32-ஐத் தாண்டினால் மகரந்தம் சரியாக வேலை செய்வதில்லை, பூ உதிர்ந்துவிடும். பல்புகள் சின்னவைதான், ஆனால் இப்போது வெளியே கோடை. கதவைத் திறந்து வைத்தால் சூடு தணியும். ஆனால் மண்ணின் காற்று கூடத்துக்குப் போகும். கதவைத் திறக்கக் கூடாது.

வேறு வழி: விளக்கு எரியும் நேரத்தை இரவுக்கு மாற்றுவது. மாலை ஆறிலிருந்து காலை பத்து வரை. வெளியே குளிரும்போது உள்ளே பகல், வெளியே கொளுத்தும்போது உள்ளே இருட்டு. செடிக்கு எது பகல் என்று சொல்வது விளக்குதானே. நானும் இரவில் விழித்துத்தான் இருக்கிறேன்.

ஏப்ரல் 10

விளக்கு நேரத்தை மாற்றிவிட்டேன். இரவு இரண்டு மணிக்கு 29 டிகிரி.

ஏப்ரல் 15

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் தேதி கொடுத்துவிட்டார்கள். அவர் முதலில் கேட்டது, "அப்ப செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

ஏப்ரல் 22

காய் பிடித்திருக்கிறது. இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சையாக, மணியளவில். மூன்றாவது கிண்ணத்துச் செடியில்தான். அப்பா படத்தை வாங்கித் தன் போனுக்கே அனுப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 24

நாளைக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டும். எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பருத்திக் கயிற்றைத் திரியாக வெட்டி, ஒரு முனை வாளித் தண்ணீரிலும் மறுமுனை தொட்டி மண்ணில் விரலாழத்திலும் வைத்திருக்கிறேன். முதலில் கயிற்றை முழுக்க நனைத்துக்கொண்டேன், காய்ந்த பருத்தி தண்ணீரைச் சட்டென்று ஏற்றாது. வாளி தொட்டியைவிடச் சற்றுக் கீழே இருக்க வேண்டும், மேலே இருந்தால் தண்ணீர் நிற்காமல் வடிந்து வேரை அழுக்கிவிடும். மூன்று தொட்டிக்குக் கயிறு சரியாக இருந்தது, நாலாவதற்குக் குட்டையாக இருக்கிறது. பழைய பனியனைக் கிழித்துத் திரிக்க வேண்டும். அப்பாவின் பையில் சார்ஜர், கண்ணாடி, பழைய சீட்டுகள் எல்லாம் வைத்துவிட்டேன். ஸ்கேன் உறை மட்டும் இன்னும்