மோட்டார் ரிப்பேரும் மாவட்டப் பக்கமும்

நிருபர் என்றால் பலருக்கு ஞாபகம் வருவது இரண்டே பேர்தான். ஒருவர் ஊழலை அம்பலப்படுத்துகிறவர், இன்னொருவர் வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒட்டிக்கொண்டு போலீஸிடம் தப்பிக்கிறவர். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் பெரிய கூட்டமே இருக்கிறது, அதில் நானும் ஒருவன். தென்மாவட்டத்து நகராட்சி ஒன்றில் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராகப் பல வருடம் ஓடினேன். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான்; வேலை காலையில் ஜி.எச். வாசலில் ஆரம்பித்து ராத்திரி செய்திகளைத் திருத்திப் பக்கம் போடும் டெஸ்க்கிலிருந்து வரும் கடைசி போனில்தான் முடியும்.

அந்த வேலையில் எனக்கு ரொம்பப் பிடித்ததும் மற்ற நிருபர்கள் யாருக்கும் பிடிக்காததும் நகராட்சி மன்றக் கூட்டம். கூட்டத்துக்கு முன்பே கவுன்சிலர்களுக்கு அஜெண்டா கொடுத்துவிடுவார்கள். தெரிந்த கவுன்சிலர் ஒருவரிடம் அதை வாங்கி, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பென்சிலோடு படிப்பேன். தூக்கம் வரவழைக்கிற தமிழில் இருக்கும். இன்ன வார்டில் இன்ன பணி, அவசரம் கருதி முன்அனுமதி பெற்றுச் செய்யப்பட்டது, இவ்வளவு செலவு, மன்றத்தின் பார்வைக்கும் பின்னேற்புக்கும் வைக்கப்படுகிறது என்று பக்கம் பக்கமாகப் போகும். பின்னேற்பு என்றால் வேலை முடிந்தாயிற்று, பில்லும் தயார், நீங்கள் கையைத் தூக்கினால் போதும் என்று அர்த்தம்.

கூட்டத்தில் நடப்பது வேறு கதை. எதிர்க்கட்சிக் கவுன்சிலர்கள் நாலு பேர் எழுந்து குடிதண்ணீர் வரவில்லை என்று காலிக் குடத்தைத் தூக்கிக் காட்டுவார்கள், தலைவர் உட்காருங்கள் என்பார், அவர்கள் வெளிநடப்பு செய்வார்கள், கேமராக்களும் பின்னாலேயே ஓடும். அந்தச் சந்தடியில் உள்ளே மொத்தத் தீர்மானமும் ஆல் பாஸ் ஆகிவிடும். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் காலிக் குடம் இருக்கும். குடம் ஏன் காலியாக இருக்கிறது என்பது அஜெண்டாவில் இருந்தது, அதைப் படிக்கத்தான் ஆள் இல்லை.

ஒருமுறை பழைய அஜெண்டாக்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒரே தெருவின் ஆழ்குழாய்க் கிணற்று மோட்டார் சில மாதத்துக்கு ஒருமுறை காயில் (கம்பிச்சுருள்) கருகி, ஒரே ஒப்பந்ததாரரால் பழுதுநீக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. அந்தத் தெருவுக்குப் போய் விசாரித்தேன். மோட்டார் அடிக்கடி ரிப்பேர் ஆவது உண்மைதான், ஆனால் பில் சொல்லும் அளவுக்கு இல்லை என்றார்கள். பொறியியல் பிரிவிலும் கேட்டேன், அங்கே பதில் இல்லை. அதையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன். மாவட்டப் பக்கத்தின் அடியில் சிங்கிள் காலத்தில், அதாவது ஒரே பத்தி அகலத்தில் வந்தது.

யாரும் கைதாகவில்லை, விசாரணைக் கமிஷனும் வரவில்லை. அடுத்த கூட்டத்தில் ஆளுங்கட்சிக் கவுன்சிலர் ஒருவரே அந்தத் துண்டுச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து, என் வார்டு மோட்டார் எப்போது என்ன ஆனது என்று எனக்கே தெரியவில்லையே என்று கேட்டார். அதற்கப்புறம் வந்த அஜெண்டாக்களில் மோட்டார் ரிப்பேர் என்றால் குதிரைத்திறன், தெருப் பெயர், கடைசியாகப் பழுதுபார்த்த தேதி மூன்றும் போட ஆரம்பித்தார்கள். ஜனநாயகத்தின் நாலாவது தூண் என்று மேடையில் எங்களைப் புகழும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், ஏனென்றால் அந்தத் தேதியைப் போட வைத்தது என் செய்தி இல்லை, எழுந்து நின்று கேட்ட கவுன்சிலர்தான். நான் அவருக்கு ஒரு கேள்வியை எடுத்துக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

இது எனக்கு உறைத்தது கவுன்சிலர்களே இல்லாமல் போன காலத்தில். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. இடையில் ஐந்து வருடத்துக்கும் மேலாகத் தனி அலுவலர் ஆட்சி. மன்றத்தின் அதிகாரமும் அதிகாரி கையில், தீர்மானமும் அவரே. கூட்டம் இல்லை, வெளிநடப்பு இல்லை, காலிக் குடம்கூட இல்லை. எங்களுக்கு வந்தது ஆணையர் ஆய்வு செய்த புகைப்படமும் செய்திக் குறிப்பும்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறதே, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனு போடலாமே என்பீர்கள். போட்டோம். 30 நாள் கழித்து, தகவல் பிரிவு வாரியாகப் பராமரிக்கப்படவில்லை என்று ஒரு வரி பதில் வரும், மேல்முறையீட்டுக்குப் போனால் செய்தி பழசாகிவிடும். அப்படியே கிடைத்து எழுதினாலும், பேப்பரைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க உள்ளே ஆள் இல்லை. பத்திரிகை இருந்தால் ஜனநாயகம் தானாக நடக்கும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஐந்து வருடத்தைத்தான் காட்டுவேன்.

அப்புறம் விளம்பரம். இதைப் பற்றி எங்கள் ஆட்கள் வெளியில் அதிகம் பேசமாட்டார்கள். பொங்கல் மலர், சுதந்திர தின மலர், பேப்பரின் ஆண்டு விழா என்று ஒவ்வொன்றுக்கும் பகுதிநேர நிருபருக்கு ஒரு டார்கெட் உண்டு, பிடித்துக் கொடுத்தால் கமிஷன். அந்தக் கமிஷன் இல்லாமல் பெட்ரோலுக்கே கட்டாது. ஊரில் விளம்பரம் தரக்கூடியவர்கள் யார்? நகராட்சித் தலைவர், ஒப்பந்ததாரர்கள், பள்ளித் தாளாளர்கள், ஜவுளிக்கடைக்காரர்கள். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே போய்க் கால் பக்கம் கேட்டு நிற்க வேண்டும். மோட்டார் ஒப்பந்ததாரரும் அந்த வருடப் பொங்கல் மலரில் இருந்தார், கலரில், வேட்டி சட்டையோடு கும்பிட்டபடி. வேனில் பிள்ளைகள் அடிபட்டால் ‘தனியார் பள்ளி வேன்’, துணிக்கடையில் லிஃப்ட் அறுந்தால் ‘பிரபல ஜவுளிக்கடை’ என்று நாங்கள் எழுதுவது எதனால் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் மிரட்டி அந்தப் பெயரை எடுக்கவில்லை. டெஸ்க்குக்குப் போவதற்கு முன்பே நாங்களே எடுத்துவிடுவோம்.

மூத்த நிருபர்கள் 1987 கதையை அடிக்கடி சொல்வார்கள். அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் 3 மாதக் கடுங்காவல் விதித்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாளிலேயே விடுவித்தார்கள், பின்னால் நீதிமன்றத்திலும் அவர்தான் ஜெயித்தார். அதற்கும் முன்னால் 1950இல் அன்றைய சென்னை மாநில அரசு ‘கிராஸ் ரோட்ஸ்’ பத்திரிகைக்குத் தடை போட்டு, ரொமேஷ் தாப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தில் தோற்றது. இதெல்லாம் நமக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் சிறை என்றால் ஊரே திரும்பிப் பார்க்கும், பக்கத்துப் பத்திரிகைக்காரனும் கூட வந்து நிற்பான். கால் பக்க விளம்பரத்துக்காக வராமல் போன சிங்கிள் காலத்துக்கு யார் வந்து நிற்பார்கள்? அப்படி ஒரு செய்தி இருந்தது என்றே யாருக்கும் தெரியாதே.

இப்போது மன்றம் திரும்ப வந்துவிட்டது. கூட்டத்தில் நிருபர்களைவிட யூடியூப் பையன்கள்தான் அதிகம், சண்டை ஆரம்பித்ததும் லைவ் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் ஆட்களும் காலிக் குடத்தின் பின்னால் ஓடியவர்கள்தானே. போன மாதம் அதில் ஒரு பையன் என்னிடம் வந்து, அண்ணே, அஜெண்டாவில் எந்தப் பக்கத்தைப் பார்க்கணும் என்று கேட்டான். பின்னேற்பு என்று வருகிற இடத்தையெல்லாம் முதலில் பாரு, ஒரு வருட அஜெண்டாவைச் சேர்த்து வைத்துக்கொள், தெருப் பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார் என்றேன். அதை வீடியோவில் எப்படிண்ணே காட்டுறது என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அவனாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.