மெய்ப்பில் தப்பிய சங்கிலியார்

மண்ணடிக்கு அருகே ஒரு சந்தில் இருந்த அச்சகத்தில் நான் மெய்ப்புத் திருத்துபவனாகச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, மாசி மாதத்தில், என் கையெழுத்துடன் மெஷினுக்குப் போன ஒரு விழா நோட்டீஸில் 'சங்கிலியார்' என்று வரவேண்டிய இடத்தில் 'பரவையார்' என்று அச்சாகிவிட்டது. திருவொற்றியூர்க் கோயிலின் மகிழடி சேவைக்காக அன்பர்கள் சிலர் சேர்ந்து அடிக்கக் கொடுத்த நோட்டீஸ் அது. கையெழுத்துப் பிரதியில் அடுத்தடுத்த வரிகளில் இரண்டு பெயர்களும் இருந்தன. கம்பாசிட்டர் வரி தாவி எழுத்தை அடுக்கிவிட்டார். ஈய எழுத்துக் காலத்தில் இது அன்றாடம் நடப்பதுதான். அதைப் பிடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ரகர றகரத்தையும் ஒற்று மிகும் இடங்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற நான், புராணப் பெயர்களை மட்டும் எழுத்துக் கூட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவேன். பழைய வண்ணாரப்பேட்டையில் ஞாயிறு பள்ளியிலும் வாலிபர் கூட்டத்திலும் வளர்ந்தவனாகையால், அந்தக் கதைகளைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பதே விசுவாசத்தில் சேர்த்தி என்று அப்போது எண்ணியிருந்தேன்.

நோட்டீஸ் கட்டைத் திருப்பிக் கொண்டுவந்த பெரியவர் சத்தம் போடவில்லை. "மூத்தவ பேரை இளையவ கல்யாணத்துல போட்டுட்டியே தம்பி, ஆரூர்ல சண்டை வருமே" என்று சிரித்தார். நான் விழிப்பதைக் கண்டு, "தம்பி கிறிஸ்டியனா?" என்று கேட்டுவிட்டு, காகித ரீம் ஒன்றின்மேல் உட்கார்ந்து கதையைச் சொன்னார். திருவாரூரில் பரவையாரை மணந்திருந்த சுந்தரர், ஒற்றியூரில் பூத்தொடுக்கும் சங்கிலியாரைக் கண்டு விரும்பினார். 'உன்னைப் பிரியேன்' என்று சன்னதியில் சத்தியம் செய்து தரவேண்டும் என்ற நிலை வந்தது. பிரியப் போவது தமக்கே தெரிந்திருந்ததால், "நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீர் கருவறையை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய்விடும்" என்று சிவபெருமானிடமே சுந்தரர் ஏற்பாடு செய்துகொண்டார். சிவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, "சத்தியத்தை மகிழ மரத்தடியில் கேள்" என்று சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்ட சுந்தரர் மரத்தடியிலேயே சத்தியம் செய்தார். பின்பு ஆரூர் வசந்த விழாவின் நினைவு தாளாமல் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியபோது, இரு கண்களும் பார்வை இழந்தன.

எனக்கு உடனே மத்தேயு 23ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. தேவாலயத்தின்மேல் சத்தியம் பண்ணினால் ஒன்றுமில்லை, தேவாலயத்தின் பொன்னின்மேல் பண்ணினால்தான் கடன் என்று சந்து கண்டுபிடித்தவர்களை இயேசு கடிந்துகொள்ளும் இடம் அது. அங்கேயும் அவர் வாயிலிருந்து வரும் சொல் 'குருடர்' என்பதுதான். இரண்டும் ஒன்று என்று நான் அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லமாட்டேன். 'எல்லாம் ஒன்றுதான்' என்பது இரண்டையும் படிக்காதவர்களின் பேச்சு என்பது என் அபிப்பிராயம். ஆயினும் சத்தியத்தில் ஓட்டை தேடுகிற மனிதனை ஒற்றியூரிலும் எருசலேமிலும் எனக்கு நன்றாக அடையாளம் தெரிந்தது. மறு அச்சுக் காகிதத்தில் பாதிச் செலவு என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. அந்த வருத்தத்தோடேயே சேக்கிழாரைப் படிக்கத் தொடங்கினேன்.

நான் பெரியபுராணமும் கையுமாக இருப்பது எங்கள் ஜெபக்கூட்டத்து மூப்பர் ஒருவருக்குத் தெரிந்துவிட்டது. "பிரதர், வயித்துப் பாட்டுக்குத் திருத்தறீங்க, சரி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் படிக்கணுமா?" என்று கேட்டவர், தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலிருந்து, கட்டுக்கதைகளுக்கு விலகும்படி சொல்லும் வசனத்தை எடுத்து வைத்தார். அது தட்டிக் கழிக்கக்கூடிய வசனம் அன்று. பல இரவுகள் அதோடு மல்லாடினேன். உபதேசத்துக்குள் கதையைக் கலந்து விற்பவர்களைப் பற்றியது அது என்றே எனக்குப் படுகிறது. அதை எழுதிய பவுல் அத்தேனே பட்டணத்தில், நம் வேதாகமமே 'மார்ஸ் மேடை' என்று ரோமப் போர்த் தெய்வத்தின் பெயரோடு குறிப்பிடும் இடத்தில் நின்று, 'நாம் அவருடைய சந்ததியார்' என்ற உங்கள் புலவரின் வரி என்று ஒன்றைச் சொல்கிறார். அராத்துஸ் என்ற கிரேக்கப் புலவர் தம் தெய்வமான சேயுசைப் பாடிய பாட்டின் முன்னுரையில் வரும் வரி அது. தீத்துவுக்கு எழுதும்போதும் கிரேத்தாதீவின் புலவர் ஒருவரின் வாக்கை எடுத்தாள்கிறார். படிக்காமல் இவை எப்படி அவர் வாயில் வந்திருக்கும்? மெலித்தா தீவிலிருந்து ரோமாபுரிக்கு அவர் ஏறிச் சென்ற கப்பலுக்கு அடையாளமே மிதுனம், அதாவது கிரேக்கக் கதைகளின் இரட்டைத் தெய்வங்கள். மனம் உறுத்துகிறது என்று அவர் அந்தக் கப்பலை விட்டுவிட்டு அடுத்த கப்பலுக்குக் காத்திருந்ததாக, அந்தப் பயணத்தை எழுதிவைத்த லூக்கா எழுதவில்லை.

அச்சுத் தொழிலில் இருப்பவனுக்கு இதே விஷயத்தில் இன்னும் நெருக்கமான ஒரு சம்பவம் உண்டு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, தமிழ் ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்துப் படித்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவரும் அவரே. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஜெர்மன் மொழியில் ஒரு நூலாக எழுதி ஹாலே நகருக்கு அனுப்பினார். தெய்வ வழிபாட்டை அவர் ஏற்றுக்கொண்டவர் அல்லர். தவறு என்றே எழுதினார். ஆனால் எதை மறுக்கிறோமோ அதை அந்த மக்களிடமே கேட்டுச் சரியாக எழுதவேண்டும் என்ற நேர்மை அவருக்கு இருந்தது. ஹாலேயில் இருந்து இந்த மிஷன் வேலையை நடத்திய பிராங்கேயோ, அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்புவதற்கு அன்று என்ற கருத்தில் அதை அச்சிட மறுத்தார். அந்த நூல் 154 ஆண்டுகள் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து, 1867இல் இதே சென்னையில்தான் அச்சானது. ஒரு நோட்டீஸ் இரண்டு நாள் தாமதமானாலே வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்க முடியாத தொழிலில் இருந்த எனக்கு, இந்தக் கணக்கு மனத்தை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டும் ஒற்றியூர் நோட்டீஸ் என் மேசைக்கு வந்தது. இம்முறை தலைப்பில் சுந்தரரின் 'பொன்னார் மேனியனே' பதிகத்தின் முதல் பாட்டைப் போட்டிருந்தார்கள். செய்யுளைச் சீர் சீராக வாய்விட்டுப் படித்துத்தான் நான் மெய்ப்புப் பார்ப்பது வழக்கம். 'அன்னே உன்னையல்லால் இனி யாரை நினைக்கேனே' என்ற கடைசி அடிக்கு வந்தபோது, என் வாய் தானாக எங்கள் ஆலயத்து ராகத்துக்குப் போய்விட்டது. 'சத்தாய் நிஷ்களமாய்' என்று நாங்கள் கண்ணீரோடு பாடும் பாட்டின் கடைசி அடி, 'அத்தா உன்னையல்லால் எனக்கார் துணை யாருறவே'. அதே நடை, அதே 'உன்னையல்லால்'. அதைப் பாடிய எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றவர். ஞானஸ்நானத் தண்ணீரில் அவருடைய செவி கழுவுண்டு போகவில்லை. போயிருந்தால் அந்தப் பாட்டும் எங்களுக்குக் கிடைத்திருக்காது, அவருடைய காவியமான இரட்சணிய யாத்திரிகமும் கிடைத்திருக்காது.

எல்லை எங்கே என்று கேட்டால், எனக்கு அது கையில் இருந்தது, கண்ணில் இல்லை. ஆயுத பூசையன்று ட்ரெடில் மெஷினுக்குச் சந்தனம் வைக்கத் தொடங்கும்போது நான் டீ குடிக்கப் போய்விடுவேன். ஒருவரும் அதைத் தவறாக எடுத்துக்கொண்டதில்லை. திரும்பி வரும்போது முதலாளி மேசை இழுப்பறையிலிருந்து தினத்தாளில் மடித்த பொரிகடலைப் பொட்டலம் ஒன்றை எடுத்து, "இது படைக்காதது, உனக்குன்னு தனியா வச்சேன்" என்று நீட்டுவார். சம்பளத்தில் காகிதக் காசைப் பிடித்தவரும் அவர்தான்.

மூப்பர் கடைசிவரை என் கட்சிக்கு வரவில்லை. ஒருநாள் கூட்டம் முடிந்து தங்கசாலை பேருந்து நிலையம் வரை சேர்ந்து நடந்தோம். எப்படித்தான் அந்தக் கதைகளில் விழுந்தேன் என்று அவர் கேட்டதற்குப் பதிலாக, தப்பிப்போன பெயரில் தொடங்கி, மகிழ மரம், சத்தியம், ஒற்றியூர் எல்லை, போன கண்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். நடுவில் ஒருமுறை "ஸ்தோத்திரம்" என்றார், அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. பேருந்து வந்து, படிக்கட்டில் ஒரு காலை வைத்த பிறகு, திரும்பிக் கேட்டார்.

"அந்த மனுஷனுக்குக் கண்ணு திரும்ப வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு ஐயா. இடக்கண்ணு காஞ்சிபுரத்துல, வலக்கண்ணு ஆரூர்ல" என்றேன். நடத்துநர் விசில் கொடுத்துவிட்டார்.