நல்கை விண்ணப்பத்துக்கு உதவி தேடும்போது

ஆய்வு நல்கைக்கு முதன்முறையாக விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்வியோடுதான் வருகிறார்கள். அதற்கு முன்பே செய்ய வேண்டியது, ஏற்கெனவே நல்கை பெற்றவர்கள் என்ன எழுதினார்கள் என்று படித்துப் பார்ப்பது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான தேசிய சுகாதார நிறுவனங்களின் (என்.ஐ.எச்.) ரிப்போர்ட்டர், ஐரோப்பிய ஒன்றியத்தின் கார்டிஸ் ஆகிய தரவுத்தளங்களில், நிதி பெற்ற திட்டங்களின் சுருக்கத்தையும் தொகையையும் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். நம் ஆய்வுக் கேள்விக்கு அங்கே இடமுண்டா என்பது ஒரு மாலை நேர வாசிப்பிலேயே புலப்பட்டுவிடும். என்.ஐ.எச். அமைப்பின் ஓர் அங்கமாக ஒவ்வாமை, தொற்றுநோய் ஆய்வுகளுக்கு நிதியளிக்கும் என்.ஐ.ஏ.ஐ.டி. நிறுவனமோ, வெற்றி பெற்ற சில விண்ணப்பங்களையே மதிப்பீட்டாளர்களின் கருத்துரைகளோடு வெளியிட்டிருக்கிறது. துறை வேறானாலும் அவற்றைப் படியுங்கள். நல்ல விண்ணப்பத்திலும் மதிப்பீட்டாளர் எந்த இடத்தில் தயங்குகிறார் என்பதை வேறெங்கும் இவ்வளவு அருகிலிருந்து காண முடியாது.

அடுத்த உதவி, துறைக்கு வெளியே இருக்கும் ஒரு வாசகர். என் முதல் விண்ணப்பத்தை வேறொரு துறையில் பணியாற்றும் தோழியிடம் கொடுத்தேன். பென்சிலோடு அமர்ந்தவர், முதல் பக்கம் முழுவதையும் எந்தக் குறியும் இடாமல் கடந்து, இரண்டாம் பக்கத்தின் நடுவில் ஒரே ஒரு வாக்கியத்தை வட்டமிட்டு, “நீங்கள் கண்டறிய விரும்புவது இதுதானே, இதை ஏன் இவ்வளவு தள்ளி வைத்தீர்கள்?” என்று கேட்டார். அந்த வாக்கியம் முதல் பத்திக்கு வந்தபின், முன்னுரையில் பாதி தேவையற்றதாகிவிட்டது. என்.ஐ.எச். விண்ணப்பங்களில் ஆய்வு நோக்கங்கள் ஒரே பக்கத்துக்குள் அடங்க வேண்டும் என்பது விதி. எந்த நிறுவனத்துக்கு எழுதினாலும் அந்த ஒரு பக்கத்தை முதலில் எழுதிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. நிதி நிறுவனத்தின் திட்ட அலுவலரிடம் ஆலோசனை கேட்க விதிகள் இடம் தருமானால், அவருக்கு அனுப்பவும் அதே பக்கம் போதும்.

கருவிகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேற்கோள்களுக்கு சோட்டெரோ, பலர் சேர்ந்து எழுத ஓவர்லீஃப், தரவு மேலாண்மைத் திட்டத்துக்கு டி.எம்.பி.டூல் ஆகியவை போதுமானவை, டி.எம்.பி.டூலில் நிதி நிறுவனங்களுக்கேற்ற படிவங்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன. ஒவ்வொரு ஆய்வாளரையும் தனித்துக் காட்டும் ஆர்சிட் அடையாள எண்ணை முன்கூட்டியே பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.

வரவுசெலவுக் கணக்கைக் கடைசி வாரத்துக்கு விடக் கூடாது. அதை உங்கள் நிறுவனத்தின் ஆய்வு அலுவலகம் சரிபார்த்து ஒப்புதல் அளிக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் அவர்கள் வைக்கும் கெடு, நிதி நிறுவனத்தின் கெடுவுக்குப் பல நாள் முன்னதாகவே வந்துவிடும். அந்த நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்ட பிறகே இப்போதெல்லாம் நான் எழுதத் தொடங்குகிறேன்.