கூத்தம்மாகூ: எல்லைக்கோடு அறியாத மண்வீடுகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் தலைநகர் லோமேயிலிருந்து வடக்கே 400 கிலோமீட்டருக்கும் மேல் சென்று, காரா நகரைத் தாண்டி, கந்தே என்ற சிற்றூரில் கிழக்கே திரும்பினால் கூத்தம்மாகூ என்ற நிலப்பகுதி தொடங்குகிறது. அடிமரம் பருத்த பாவோபாப் மரங்கள் நிற்கும் இந்தப் புல்வெளி, எல்லையைக் கடந்து அண்டை நாடான பெனினின் அட்டகோரா மலைப்பக்கம் வரை நீள்கிறது. இங்கே வாழும் பட்டம்மாரிபா மக்களைக் கேட்காமலே, 1897-இல் பிரான்சும் ஜெர்மனியும் பாரிஸில் செய்துகொண்ட ஒப்பந்தம் அவர்கள் நிலத்தின் குறுக்கே கோடு கிழித்தது. யுனெஸ்கோவும் டோகோ பக்கத்தை 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பெனின் பக்கத்துக்கு 2023 வரை எடுத்துக்கொண்டது.

இந்த மக்கள் கட்டும் மண்வீட்டை டோகோவில் தகியெந்தா என்றும் பெனினில் தாதா என்றும் சொல்கிறார்கள். பெயர்தான் வேறு, வீடு ஒன்றே. ஒரு வரி மண் வைத்து, அது காய்ந்த பிறகே அடுத்த வரியை ஏற்றுவார்கள். நான் நுழைந்த வீட்டில் கீழ்த்தளம் ஆடுகளுக்கானது. கண் இருட்டுக்குப் பழகுமுன் அவற்றின் வாடை வந்துவிட்டது. படி வெட்டிய மரத்துண்டில் ஏறினால் மொட்டைமாடி. அங்கே குனிந்து நுழையும் உறங்கும் அறைகளும், வைக்கோல் தொப்பி போட்ட குதிர்களும் இருக்கின்றன. அந்தத் தொப்பியைத் தூக்கிவிட்டுத்தான் உள்ளிருக்கும் சோளத்தை எடுக்க வேண்டும். (நம்மூர்ச் சோளமும் கம்பும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவையே.)

வாசலுக்கு முன்னால் கூம்புகளாக எழும்பி நிற்கும் மண்மேடுகள் வழிபாட்டுக்குரியவை. அவற்றைத் தொடவோ, மேலே சாயவோ கூடாது. படம் எடுக்குமுன் வீட்டாரைக் கேட்டு, உரிய தொகையைக் கொடுத்துவிடுவதே முறை.

இரு நாடுகளிலும் பிரெஞ்சு மொழி பேசிச் சமாளிக்கலாம். சிஎஃப்ஏ பிராங்க் என்ற நாணயமும் பொதுவானது. ஆனால், சில ஆண்டுகளாக இரு நாடுகளின் வடகோடியிலும் ஆயுதக் குழுக்களின் தாக்குதல்கள் நடப்பதால், புறப்படுமுன் அரசுகளின் பயண எச்சரிக்கைகளைப் படித்துவிட வேண்டும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் எல்லைப் பாதையில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

மழையற்ற நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்கள் ஏற்றவை. சகாரா பக்கமிருந்து வீசும் வறண்ட ஹர்மட்டான் காற்று கொண்டுவரும் தூசியை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாசல்கள் மேற்கு பார்த்தவை என்பதால் மாலை 4 மணிக்கு மேல் செல்லுங்கள். சுவர்ப்பூச்சில் பெண்கள் இழுத்திருக்கும் நுண்ணிய கோடுகள் அந்தச் சாய்வெயிலில்தான் ஒவ்வொன்றாகத் தெரியும்.